ஒட்டகச்சிவிங்கி பார்க்காதோர் குழு

அந்தப் பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது பயன்பட்டது. மற்ற நாட்களில் பெரிய டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் கஞ்சியார்தான். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட்டுத் தேய்ப்பது அவர் வேலை. அவர் கைபட்ட கோட்டைப் போட்டுக்கொண்டால் கூன் விழுந்தவர்கூட நிமிர்ந்து நடப்பார் என்று வார்டில் சொல்வார்கள். கோட்டுகளுக்குக் கொடுத்த விறைப்பில் கால்வாசியைக்கூட மனுஷர் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. யார் என்ன சொன்னாலும் 'சரிங்க' என்பார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. தட்டியது அதிர்ஷ்டம்தானா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திறந்திருக்கலாம்.

மருத்துவமனையின் ஊழியர் நலச் சங்கம், லீவே போடாமல் உழைத்த ஊழியர் ஒருவரைக் குடும்பத்தோடு வெளிநாட்டுக்கு அனுப்பி, காட்டு விலங்குகளைக் காட்டிக் கூட்டி வருவதாக அறிவித்தது. விலங்கு எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, மனிதர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன மருத்துவமனைக் கண்ணுக்கு விலங்குதான் மருந்து என்று சங்கம் பதில் சொன்னது. லீவு போடாதவர் யார் என்று தேடியபோது கஞ்சியார் ஒருவர்தான் அகப்பட்டார். மனைவிக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் நடந்த அன்றுகூட அவர் லீவு எடுக்கவில்லை. ஆபரேஷன் அதே மருத்துவமனையில்தான். அவள் படுத்திருந்த கட்டிலின் விரிப்பைத் தேய்த்ததே அவர்தான். அதையும் கவனிப்பு என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவள் குணம் அப்படி.

அவள் வீட்டிலேயே பள்ளிச் சீருடைகள் தைப்பவள். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு ஓர் அறையைத் தையல் மெஷினே எடுத்துக்கொண்டது. கஞ்சியார் விஷயத்தைச் சொன்னதும் மெஷின் நின்றது.

"எந்த மிருகம்னு நாமளே சொல்லலாமா?" என்று கேட்டாள்.

சொல்லலாம் போலத்தான் இருக்கிறது என்றார் அவர். அவள் கொஞ்ச நேரம் பாவாடை மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, சின்னப் பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு ஒட்டகச்சிவிங்கி தண்ணி குடிக்கிறத நேர்ல பாக்கணுங்க. டிவில ஒரு தடவ காட்டினான். முன்னங்கால ரெண்டையும் அகட்டி வச்சுக்கிட்டு, குனியவும் முடியாம, நிமிரவும் முடியாம, சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டே குடிக்குது. அந்த நேரத்துலதான் சிங்கம் வருமாம். அவ்வளவு உயரமா இருந்து என்ன, ஒரு வாய் தண்ணிக்கு இவ்வளவு பயப்பட வேண்டியிருக்கே. அது குடிச்சு முடிச்சு எப்படி எந்திரிக்குதுன்னு பாக்கறதுக்குள்ள பாழாப்போன விளம்பரம் போட்டுட்டான்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. ஒரு புடவை வேண்டும் என்றுகூடச் சொன்னதில்லை. கடைசியில் கேட்டது ஓர் ஒட்டகச்சிவிங்கியை. அன்று ராத்திரி கஞ்சியாருக்குத் தன்னைப் பற்றியே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எக்ஸ்ரேயிடம் அதை அப்படியே ஒப்பித்தார். எக்ஸ்ரே என்பது ஆள். எக்ஸ்ரே பிரிவில் படம் எடுப்பவர். உள்ளே கிடப்பதை வெளியே கொண்டுவருவது அவர் தொழில். அதற்கு மெஷின் வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டாலே போதும். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து இருவரும் டப்பாவை மாற்றி மாற்றித்தான் சாப்பிடுவார்கள். கஞ்சியாரின் மனைவியை அவர் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். ஆபரேஷனின்போது ரத்தம் கொடுத்தவரும் அவர்தான். அதை அவரும் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்க விடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நலச் சங்கத்தின் விடுமுறைத் தேர்வுக் குழுவுக்கு அவரே செயலர்.

ஒட்டகச்சிவிங்கிக் கதையைக் கேட்டு எக்ஸ்ரே மெல்லுவதை நிறுத்திவிட்டார். தங்கச்சி சொன்னதை இன்னொரு தடவை, அவள் சொன்ன மாதிரியே சொல்லச் சொல்லிக் கேட்டார். "இது மனசத் தொடற விஷயம். எங்கிட்ட விட்டுடு" என்றார். கஞ்சியார் விட்டுவிட்டார்.

விடுமுறைத் தேர்வுக் குழு ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்து அறையில் கூடியது. மூலையில் பாடம் நடத்துவதற்கான எலும்புக்கூடு ஒன்று நின்றது. குழுவில் மூன்று பேர். தலைவர், மயக்க மருந்து டாக்டர். அவர் பேச ஆரம்பித்தால் ஊசியே தேவைப்படாது என்பார்கள். அடுத்தவர், நோயாளிகளுக்கான சமையல்கட்டின் மேற்பார்வையாளர் அம்மாள். உப்பில்லாமல் எதையும் ஆக்க வல்லவர், ஆட்களை நடத்துவதும் அதே கைப்பக்குவத்தில்தான். மூன்றாமவர் எக்ஸ்ரே.

கஞ்சியார் நின்றபடியே, தமக்கு ஒட்டகச்சிவிங்கி பார்த்தால் போதும் என்றார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நோயாளி வந்து எனக்கு இந்த மருந்துதான் வேணும்னு கேட்டா நாம குடுக்கறோமா? நீங்க ஆசைப்படறவர். ஆசைப்படறவர் கையில முடிவக் குடுத்தா நடுநிலை இருக்குமா? எந்த நாடு, எந்த விலங்குன்னு ஆசையே இல்லாதவங்கதான் முடிவு பண்ணணும். எங்க மூணு பேருக்கும் எந்த ஆசையும் கிடையாது. அதனாலதான் இந்தக் குழு."

"சரிங்க" என்றார் கஞ்சியார். ஆசையே இல்லாத மூன்று பேரும் பிஸ்கட் தட்டைத் தங்களுக்குள் நகர்த்திக்கொண்டார்கள்.

முதலில் அவருடைய உடல் விலங்கைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். மார்பில் ஒயர்களை ஒட்டி, எதிரே ஒரு புலியின் படத்தைப் பிடித்தார்கள். இதயம் சும்மா இருந்தது. இவருக்கு விலங்கில் ஈடுபாடில்லை என்று அம்மாள் கருதினார். மறுபடி பிடித்தபோது, ஈடுபாடு காட்ட வேண்டுமே என்ற கவலையில் இதயம் குதிரை மாதிரி ஓடியது. இந்த இதயத்தோடு புலியைப் பார்த்தால் ஆள் தேறமாட்டார் என்று தலைவர் கருதினார். இரண்டு கருத்தையும் சேர்த்து, ஈடுபாடும் இல்லை, தாங்கவும் தாங்காது, மேலும் ஆராய வேண்டும் என்று எக்ஸ்ரே முடித்துவைத்தார். எக்ஸ்ரே எப்போதும் சமாதானப் பிரியர்.

அதற்குப் பிறகுதான் தலைவருக்கு அந்த யோசனை வந்தது. மருத்துவமனைக்கு வெளியே எந்த மனிதனுக்கும் அது வந்திருக்காது. சோதிக்காத மருந்தை நோயாளிக்குக் கொடுப்பது குற்றம். சோதிக்காத விடுமுறையை ஊழியருக்குக் கொடுப்பது மட்டும் எப்படிச் சரியாகும்? ஆகவே விடுமுறையைக் குழுவே முதலில் உட்கொண்டு பார்ப்பது என்று முடிவாயிற்று. பக்க விளைவுகள் ஏதாவது வந்தால் அது தங்களோடு போகட்டும் என்று தலைவர் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. அம்மாள் கைக்குட்டையை எடுத்தார். கஞ்சியாருக்கும் கண் கலங்கிவிட்டது, பாவம்.

கடல் நாட்டுக்கு முதலில் போனார்கள். திமிங்கலம் வாலை மட்டும் காட்டிவிட்டுப் போய்விட்டதாகவும், வாலை வைத்து ஒரு முழு விலங்கைப் பரிந்துரைக்க முடியாது என்றும் திரும்பி வந்து சொன்னார்கள். அடுத்து பனி நாட்டுக்குப் போனார்கள். அங்கே வெள்ளைக்கரடி தூங்கிக்கொண்டே இருந்தது. மருந்தில்லாமல் அப்படி ஒரு தூக்கமா என்று மயக்க டாக்டர் தொழில் முறையில் பொறாமைப்பட்டு, நேரம் போவது தெரியாமல் அதன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாராம். ஒவ்வொரு தடவை வந்ததும் எக்ஸ்ரே சலவைப் பிரிவுக்கு வந்து கஞ்சியாரின் தோளில் கை போட்டு, "உனக்காகத்தான் இந்த அலைச்சல். எனக்கென்ன தலையெழுத்தா?" என்பார். மூக்கு மட்டும் வெயிலில் உரிந்திருக்கும். தூரம் போனால் உடம்பு நோகுமே என்று கஞ்சியார் பரிதாபப்பட்டுத் தன் டப்பாவை முழுசாக அவர் பக்கம் தள்ளிவிடுவார்.

மிச்சமிருந்தது புல்வெளி நாடு. ஒட்டகச்சிவிங்கிகள் இருக்கும் நாடு. இப்போது தலைவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பயனாளி மனைவியோடு போகிறவர். சோதனைக்குப் போனவர்களோ ஒற்றை ஒற்றை ஆட்கள். மனைவி என்ற பொருள் சேர்ந்தால் விடுமுறை வேறு மாதிரி வேலை செய்யுமே? எனவே சோதனைக் குழுவில் ஒரு மனைவி வேண்டும். தலைவரின் மனைவி அவரோடு வாசலைக்கூடத் தாண்டுவதில்லை என்று முடிவெடுத்து வெகுகாலம் ஆகிவிட்டது. அம்மாளுக்கு மனைவி இருக்க வழியில்லை. ஆக எக்ஸ்ரேயின் மனைவிதான் மிஞ்சினாள். முறைப்படி கஞ்சியாரின் மனைவியைக் கூப்பிட்டு எடை மெஷினில் நிற்க வைத்து, பக்கத்திலேயே எக்ஸ்ரேயின் மனைவியையும் நிறுத்திப் பார்த்தார்கள். முள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. கைப்பையால் வந்த வித்தியாசம் என்று எக்ஸ்ரே விளக்கினார். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று பெரியவர்கள் சும்மாவா சொல்லிவைத்தார்கள்.

கஞ்சியார் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டார். "அப்ப நாங்க எப்ப போறதுங்க?"

"நீங்க இல்லாம இந்த ஆய்வே இல்ல" என்றார் தலைவர். "ஒரு மருந்து வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? சாப்பிட்டவங்களோட சாப்பிடாதவங்களையும் வச்சுப் பாத்தாத்தான் தெரியும். அதுக்குப் பேர் ஒப்பீட்டுக் குழு. போறவன் யார் வேணும்னாலும் போயிடலாங்க. போகாம இருக்கறதுக்குத்தான் நம்பிக்கையான ஆள் வேணும்."

அன்று சாயங்காலம் கஞ்சியார் வீட்டுக்குப் போய், நாம் குழுவில் இருக்கிறோம் என்று மனைவியிடம் சொன்னார். பொய்யில்லை. அவளும் புதுச் செருப்பு வாங்கிவந்தாள்.

ஒப்பீட்டுக் குழுவுக்கும் வேலை இருந்தது. மற்றவர்கள் புல்வெளி நாட்டில் இருக்கும்போது கஞ்சியார் தினமும் காலையில் போய் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். இது தவிர, நல்ல ஆய்வு என்றால் போலி மாத்திரை ஒன்றும் உண்டு. நோயாளிக்குத் தான் விழுங்கியது நிஜமா போலியா என்று தெரியவே கூடாது. அதுபோல இவர்களுக்கும் ஒரு பயணம் ஏற்பாடாகியிருந்தது. பெட்டியோடு வந்து நிற்கும்படி சொன்னார்கள், எங்கே போகிறோம் என்று மட்டும் கேட்கக் கூடாதென்றார்கள். அவள் அயர்ன் பண்ணிய புடவையும் புதுச் செருப்புமாக வந்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஜன்னல்களில் காகிதம் ஒட்டியிருந்தது. டிரைவர் பேசக் கூடாதென்று உத்தரவு. வண்டி ரொம்ப நேரம் ஓடியது. மேடு ஏறியது, வளைந்தது, நின்றது, மறுபடி வளைந்தது. ஏர்போர்ட் இவ்வளவு தூரமா என்று அவள் காதோடு கேட்டாள். அவருக்கும் நெஞ்சு படபடத்தது. ஒரு கட்டத்தில் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸில் நோயாளியின் கையைப் பிடிப்பார்களே, அப்படி இல்லை; கல்யாணமான புதிதில் பிடித்த மாதிரி.

கதவு திறந்தபோது எதிரே மருத்துவமனையின் ஜெனரேட்டர் அறை இருந்தது. அதன் சுவரில் ஒட்டகச்சிவிங்கிப் படம் போட்ட காலண்டர் ஒன்றை மாட்டியிருந்தார்கள். புல்வெளி நாட்டுப் பயணத்தில் ஆசை விழுந்துவிடக் கூடாதென்று போகாமல் ஒதுங்கியிருந்த மேற்பார்வையாளர் அம்மாள், ரத்த அழுத்தக் கருவியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பயணம் எப்படி இருந்துது? மனசுல ஏதாவது மாற்றம் தெரியுதா?" என்று கேட்டுவிட்டு, கஞ்சியாரின் கையில் பட்டையைச் சுற்றினார். அழுத்தம் ஏறியிருந்தது. அம்மாள் அதைக் குறித்துக்கொண்டார். கஞ்சியாரின் மனைவி பெட்டியைத் தானே இறக்கிக்கொண்டு நடந்தாள். எக்ஸ்ரே அங்கே இருந்திருந்தால் இப்படி நடக்க விட்டிருக்கமாட்டார் என்று கஞ்சியார் வழியெல்லாம் அவளைத் தேற்றினார்.

ஆய்வு முடிவு வெளியீட்டு விழா பெரிய ஹாலில் நடந்தது. எல்லாப் பிரிவு ஊழியர்களும் வந்திருந்தார்கள். கஞ்சியாருக்கும் அவர் மனைவிக்கும் முதல் வரிசையில் இடம். சட்டையிலும் புடவையிலும் 'ஒப்பீட்டுக் குழு' என்று அட்டை குத்தியிருந்தார்கள். தலைவர் பேசினார். புல்வெளி நாட்டுக்குப் போனவர்களுக்கு எடை கூடியிருக்கிறது, தூக்கம் நன்றாக வருகிறது, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. மருந்து அற்புதமாக வேலை செய்கிறது. ஹால் கைதட்டியது. கஞ்சியாரும் தட்டினார். அடுத்த வாக்கியம் தனக்கானது என்று நிமிர்ந்தும் உட்கார்ந்தார்.

"ஆனா நம்ம ஒப்பீட்டுக் குழுவுக்கு?" என்றார் தலைவர். "போகாமலே ரத்த அழுத்தம் ஏறியிருக்கு. ஒரு போலிப் பயணத்துக்கே இப்படின்னா, நிஜப் பயணம் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஆசையப் பாத்து நாம அவசரப்பட்டு இவர அனுப்பியிருந்தா, இன்னிக்கு இந்த ஹால்ல இரங்கல் கூட்டம் நடந்துக்கிட்டிருக்கும். விடுமுறை குடுக்கறது யாருக்கும் வரும். குடுக்காம ஒரு உயிரக் காப்பாத்தறதுக்கு ஒரு குழு வேணும்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உயிர் பிழைத்தவரும் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. பின் வரிசையில் யாரோ அவரைப் பார்த்து, கொடுத்து வைத்தவர் என்றார்கள்.

அவர் எக்ஸ்ரேயைத் தேடினார். எப்படியும் எழுந்து ஒரு வார்த்தை சொல்வார், தங்கச்சியின் ஆசையைச் சொல்வார், சபை மனம் மாறும் என்று அவருக்கு அப்போதும் நம்பிக்கை இருந்தது. எக்ஸ்ரே எழுந்துதான் வந்தார். விளக்கை அணைக்கச் சொன்னார். திரையில் ஒரு குட்டையும், அதில் முன்னங்கால்களை அகட்டிக் குனிந்து தண்ணீர் குடிக்கும் ஓர் ஒட்டகச்சிவிங்கியும் தெரிந்தன. அதை மறைத்தபடி, பெரிய தொப்பியோடு எக்ஸ்ரேயின் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் மனைவி எதுவும் கேக்கறவ இல்ல" என்று எக்ஸ்ரே ஆரம்பித்தார். குரல் தணிந்திருந்தது. "ஒரு நாள் டிவி பாத்துட்டுச் சொன்னா, 'அவ்வளவு உயரமா இருந்து என்ன, ஒரு வாய் தண்ணிக்கு இவ்வளவு பயப்பட வேண்டியிருக்கே'ன்னு. அன்னிக்கே நெனச்சேன், இவளுக்கு இதக் காட்டாம நான் கண்ண மூடக் கூடாதுன்னு."

இருட்டில் நர்ஸுகள் உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது. கஞ்சியாருக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பயணம் போனதை அவர் மன்னித்திருப்பார். பெண்டாட்டியைக் கூட்டிப் போனதையும் எடை மெஷின் மேல் பழி போட்டு விட்டிருப்பார். ஆனால் இந்த வார்த்தை தன் மனைவியின் வாயிலிருந்து வந்தது. ஒரு எழுத்து மாறாமல் எடுத்து, இன்னொருத்தி வாயில் வைத்துவிட்டான். இத்தனை வருஷம் டப்பாவை மாற்றிச் சாப்பிட்டவன். இப்படியும் ஒரு துரோகம் உண்டா என்று நினைத்தார். பக்கத்தில் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

விளக்குப் போட்டதும் அவள் எழுந்து நேரே எக்ஸ்ரேயிடம் போனாள். கஞ்சியார் பின்னாலேயே ஓடினார். அவள் அவரை நாலு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தார். கேட்டால் தானும் கூட நிற்பது என்று அந்த நிமிஷம் முடிவுகூடச் செய்துவிட்டார்.

"அண்ணே, அது குடிச்சு முடிச்சுட்டு எப்படி எந்திரிச்சுது?" என்று கேட்டாள்.

எக்ஸ்ரேயின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் தன் மனைவியைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார்.

"எந்திரிச்சிருக்கும் தங்கச்சி. போட்டோ எடுத்ததும் நாங்க வண்டிய எடுக்கச் சொல்லிட்டோம். சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டமில்லை. சிமென்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். கஞ்சியார் தன் வாழ்நாளில் சேர்த்து வைத்திருந்த வசவையெல்லாம் அன்றைக்கு அவிழ்த்துவிட்டார். கூட இருந்தே குழி பறித்தவன் என்றார். இனி அவன் முகத்தில் விழிப்பதில்லை என்றார். உடன்பிறந்தவன் மாதிரி நம்பினேனே, நம்பினவன் கழுத்தை அறுத்துவிட்டானே என்று மார்பில் தட்டிக்கொண்டார். அவருடைய 'சரிங்க' எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. அவள் புடவையில் குத்தியிருந்த அட்டையைக் கழற்றி, ஊசி வீணாகாமல் தனியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினார்.

"அவருக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் அவள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "நான் உங்ககிட்ட மட்டுந்தானே சொன்னேன்."

பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. கஞ்சியார் வீடு வரை நின்றுகொண்டே வந்தார்.